உதகையிற் செய்த படச்சுருள்

சந்தை சுருங்குங்கால் சிறிய உற்பத்தியாளன் பெரியோரைப் பின்தொடர்வதா, தனக்கென ஒரு மூலையைக் காப்பதா? இதற்கு விடை தேட உதகமண்டலத்தை நோக்குதல் தகும். 1964ஆம் ஆண்டுச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து பெயர்ந்த எம்மவர் பலர் நீலகிரியிற் குடியேறினராதலின், அவ்வூர் கண்டியாருக்கு அயலூரன்று.

அங்கே இந்திய அரசு 1960இல் நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், பிரெஞ்சுக் கம்பனியொன்றின் நுட்பத்தைப் பெற்று 1967இல் உற்பத்தி தொடங்கியது. கறுப்பு வெள்ளைச் சுருளும், மருத்துவமனைகளுக்கான எக்ஸ் கதிர்ப் படலமும் செய்தது. அதன் வணிகப் பெயர் 'இந்து'. (மதியைக் குறிக்கும் சொல்லென்றே கொள்ள விரும்புகிறோம், எமது கல்லூரிப் பெயரோடு மயங்கற்க.) கொடக், பியூஜி என்னும் பூதங்களின் முன் அது சிறு குழந்தை. இறக்குமதித் தீர்வை என்னும் வேலியே அதனைக் காத்தது. 1991இல் இந்தியா தன் சந்தையைத் திறக்கவே வேலி சரிந்தது. புதிய எக்ஸ் கதிர்ப் படல ஆலைக்கு வாங்கிய கடனோ கழுத்தை இறுக்கியது. 1990களிலேயே நலிவுற்ற நிறுவனமென அறிவிக்கப்பட்டுப் பின்னர் மூடப்பட்டது.

இலக்கமுறைக் கமெராவே அதனைக் கொன்றதென்பர் சிலர். ஆண்டுகளை எண்ணின் அக்கூற்று நில்லாது. அக்கருவி வீடுதோறும் வருமுன்னரே ஆலை வீழ்ந்துவிட்டது. பெரியோர் விற்ற அதே பொருளை இரவல் நுட்பத்தாற் செய்ததே அதன் நோய் என்போம்.

யப்பானின் பென்ராக்ஸ் கமெராவைப் பாருங்கள். உலகிற்கு அனுப்பப்பட்ட இலக்கமுறைக் கமெராக்கள் 2010இல் 12 கோடி. 2023இல் 80 இலட்சத்திற்குங் குறைவு. இவ்வீழ்ச்சியிடையே, 2011இல் றிக்கோ வாங்கிய இச்சிறு கம்பனி, கனனும் நிக்கனும் கைவிட்டுச் செல்லும் கண்ணாடி வைத்த கமெராவிலேயே நிற்போமென 2020இல் அறிவித்தது. அது 1975இல் வகுத்த வில்லைப் பூட்டு இன்றும் மாறவில்லை. தந்தையின் வில்லை மகனின் கமெராவிற் பொருந்தும். 2023இல் கறுப்பு வெள்ளை மட்டுமே பிடிக்கும் கமெராவையும், 2024இல் 36 படச் சுருளில் 72 படம் எடுக்கும் புதிய பிலிம் கமெராவையும் வெளியிட்டது. புதிய போட்டிக்குப் பணமின்மையைக் கொள்கையெனப் புனைகிறார்களென்று ஏளனஞ் செய்வாருமுளர். ஓரளவு உண்மையே. ஆயினும் தன் வாடிக்கையாளர் யாரென அக்கம்பனி அறிந்திருக்கிறது. உதகை ஆலை அறிந்திலது.

கண்டி நகரிற் படப்பிடிப்பு நிலையம் நடத்தும் பழைய மாணவர் இதனைக் கருதுக. அன்றாடப் படத்தைக் கைத்தொலைபேசியே எடுத்துவிடும். இம்மலைநாட்டு ஈரத்திற் பூஞ்சணம் பிடித்து வீட்டுப் பெட்டிகளிற் கிடக்கும் பழைய நெகற்றிவ்களைத் துடைத்து, மீட்டு, அச்சிடும் கைத்தொழிலை அது செய்யாது.