மடக்கு சைக்கிளும் மின்சார ரயிலும்



மடக்கு சைக்கிளைப் பணக்காரர் விளையாட்டுச் சாமான் என்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. தாம்பரத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்குபவருக்கு, வீடு சேரும் கடைசி 2 கிலோமீட்டர்தான் செலவும் அலைச்சலும். அந்தத் தூரத்துக்கு ஏற்றது இது.

சிங்கப்பூரைப் பாருங்கள். மடித்த சைக்கிள் 120, 70, 40 சென்டிமீட்டருக்குள் அடங்கினால் ரயிலில் கொண்டுபோகலாம் என்று அளவு சொல்லி விதி வைத்திருக்கிறார்கள். இங்கும் ஒவ்வொரு நிலையத்திலும் அப்படி எழுதி ஒட்டட்டும். காலை நெரிசலில் கூடாது என்றால் அதையும் எழுதட்டும் (அது நியாயம்தான்). வாசலில் நிற்பவரின் அன்றைய மனநிலைக்கு விடக்கூடாது.

எடை 10 முதல் 12 கிலோ இருக்கும். நிலையப் படிக்கட்டில் என் முழங்காலுக்கு ஆகாது. வேலைக்குப் போகும் உங்களுக்கு ஆகும். வாங்குமுன் கடையிலேயே மடித்து, தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏறிப் பாருங்கள்.