கர்ர்ர்... டிக் டிக் டிக்!

பழைய மீடியம் வேவ் ரேடியோவுல செய்தி ஓடும்போது, அடுப்படியில மிக்ஸி போட்டா கர்ர்ர்னு ஒரு சத்தம் வரும். தெரியாதவங்க தாத்தாவைக் கேளுங்க. குட்டி விமானங்கள்ல பைலட் காதுல மாட்டியிருக்கிற ரேடியோவும் இன்னிக்கு வரைக்கும் அதே ஏ.எம். வகைதான், 118-லேர்ந்து 137 மெகாஹெர்ட்ஸ் வரை. எஃப்.எம்.ல ரெண்டு பேர் சேர்ந்து பேசினா பலசாலி குரல் மத்ததை முழுங்கிடும். ஏ.எம்.ல ரெண்டும் மோதி 'கீய்ய்'னு கத்தும். 'இன்னொருத்தரும் கூப்பிடுறார்'னாவது டவருக்குத் தெரியும் பாருங்க! என்ன, பக்கத்துல எங்கே பொறி பறந்தாலும் அதுவும் சேர்ந்து கேட்கும்.

ஈ.சி.இ. மூணாவது வருஷ இன்பிளான்ட் டிரெயினிங்குக்கு ஒரு ஃப்ளையிங் ஸ்கூல் ஹேங்கருக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு செஸ்னா 172. 'ரேடியோவில் இரைச்சல், டவர் பேசுவது புரியவில்லை'னு புகார். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினா டிக் டிக் டிக். வேகம் கூட்டினா அதுவே கர்ர்ர். "ஆல்டர்னேட்டர்ல டையோடு போயிருக்கும்ணே!" வாய் சும்மா இருக்குமா எனக்கு?

மெக்கானிக் அண்ணன் ஒண்ணும் சொல்லலை. மாஸ்டர் ஸ்விட்ச்ல ஆல்டர்னேட்டர் பாதியை மட்டும் ஆஃப் பண்ணினார். சத்தம் அப்படியே இருந்துச்சு. எனக்கு முதல் பல்ப்! அடுத்து ரேடியோ வால்யூமைக் குறைச்சார். இரைச்சலும் கூடவே குறைஞ்சுது. அப்படின்னா பவர் ஒயர், ஹெட்செட் ஒயர் வழியா வரலை, பெரும்பாலும் ஆன்டெனா வழியா காத்துல வருதுன்னு அர்த்தம். (இதை முதல்லயே செஞ்சிருந்தா ஆல்டர்னேட்டர் டயலாக்கே தேவைப்பட்டிருக்காது. செமினார்ல எல்லாம் நல்லாதான் பேசுவேன் பாஸ்!)

இந்த இன்ஜின்ல ரெண்டு மேக்னெட்டோ. பேட்டரி தயவே இல்லாம பிளக்குக்குப் பொறி தர்ற சமாச்சாரம். சிலிண்டருக்கு ரெண்டு பிளக், ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு ஓட்டும். சாவியை 'லெஃப்ட்'ல வெச்சார், கர்ர்ர். 'ரைட்'ல வெச்சார், கப்சிப். திருடன் மாட்டினான்.

இன்ஜினை நிறுத்தி, மூடியைக் கழட்டினோம். இடது மேக்னெட்டோவிலேர்ந்து சாவிக்குப் போற ஒயர், பேர் பி-லீட். பொறியோட இரைச்சல் வெளியே கசியாம இருக்க அதுக்கு மேல பின்னல் உறை உண்டு. அந்த உறை, மேக்னெட்டோ முனையில அறுந்து தொங்குச்சு. ஒயரே ஆன்டெனா ஆகிடுச்சு!

"அவ்வளவுதானாண்ணே?"னு கேட்டேன். அண்ணன் உள்ளே இருந்த கம்பியைத் தொட்டுக் காட்டினார். சாவியை ஆஃப் பண்ணினா மேக்னெட்டோவை பாடியோட எர்த் பண்ணி ஊமையாக்குறது அந்த ஒத்தைக் கம்பிதான். உறையை அறுத்த அதிர்வு அடுத்து அதையும் அறுத்தா, சாவி ஆஃப்ல இருந்தாலும் மேக்னெட்டோ உசுரோட இருக்கும். யாராவது புரொப்பல்லரைக் கையால லேசா சுத்தினாலே போதும், இன்ஜின் பத்திக்கலாம்.

முந்தின நாள் சாயங்காலம் அதே புரொப்பல்லரைப் பிடிச்சுத் திருப்பி, ஹீரோ மாதிரி சாய்ஞ்சு ஒரு போட்டோ எடுத்திருந்தேன். செல்லைக் காட்டினேன். அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தார். திட்டவே இல்லை. அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு.