ஓரத்தில் நிற்பவருக்கும் முகம் உண்டு

2016 ஜனவரியில் அமெரிக்காவின் ஸ்கொலாஸ்டிக் பதிப்பகம், விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே ஒரு சிறுவர் படப்புத்தகத்தைத் திரும்பப் பெற்றது. ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்தநாளுக்கு அவருடைய அடிமைச் சமையற்காரர் ஹெர்குலிஸும் மகளும் கேக் செய்யும் கதை அது. அடிமைகளான இருவரும் படத்துக்குப் படம் சிரித்துக்கொண்டிருந்ததுதான் பலரைக் கொதிக்கவைத்தது. நிஜ ஹெர்குலிஸோ 1797-ல் வாஷிங்டனின் பிடியிலிருந்து தப்பி ஓடியவர். சிறுபிள்ளை வரிகளை மறந்துவிடும். பார்த்த முகத்தை மறக்காது. அதனால்தான் சித்திர வாழ்க்கை வரலாற்றில் யாருக்கு என்ன முகம் வரைகிறோம் என்பது இத்தனை முக்கியமாகிறது.

அந்தமானில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. செல்லுலார் சிறையின் தனியறைகளில் வாடியவர்களின் கதையைப் பிள்ளைகள் படிக்கத்தான் வேண்டும். சாவர்க்கரின் வாழ்க்கை அமர் சித்திரக் கதையாகவே வந்திருக்கிறது. ஆனால் அவர்கள் எல்லோரும் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். கரையில் ஏற்கெனவே நின்றிருந்தவர்கள் எங்கே? கைதி தூத்நாத் திவாரி 1858-ல் தப்பிக் காட்டுக்குள் போய், அந்தமானியரோடு ஏறக்குறைய ஓராண்டு வாழ்ந்தார். அவர்கள் தாக்க வருவதை 1859-ல் ஆங்கிலேயரிடம் சொல்லி மன்னிப்பு பெற்றார். அந்த மே மாதம் நடந்ததே அபர்டீன் சண்டை. இதைப் படக்கதையாக்கினால் திவாரிக்கு மூக்கும் முழியும் கிடைக்கும், அவருக்குச் சோறிட்டவர்கள் வில்லேந்திய நிழல்களாகிவிடுவார்கள் என்பதே என் அச்சம்.

அவர்களைப் பற்றிக் குறிப்பே இல்லையே, கற்பனையாக வரையலாமா என்று கேட்பார்கள். வாயில் இல்லாத வசனத்தைத் திணிக்க வேண்டாம். வில்லை, ஓடத்தை, குடிசையை, பிள்ளையைத் தூக்கிய தாயைச் சரியாக வரையலாமே. குறிப்பு தாராளமாக உள்ளவர்களையே நாம் இன்னும் தொடவில்லை என்பதும் உண்மை. கார் நிக்கோபாரின் ஜான் ரிச்சர்ட்சன் பர்மாவில் படித்துத் திரும்பி, தன் தீவிலேயே பள்ளி ஆசிரியராகி, பிறகு பிஷப் ஆனார். விவிலியத்தை நிக்கோபாரி மொழிக்குக் கொண்டுவந்தார். 1952-ல் முதல் மக்களவையில் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் நியமன உறுப்பினராக அமர்ந்தார். 1965-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

கொடுமைகள் குழந்தைக்கு எதற்கு என்பது இன்னொரு தயக்கம், அதில் நியாயமும் இருக்கிறது. அந்தமானைப் பிடித்திருந்த ஜப்பானியரின் சித்திரவதையில் 1944-ல் இறந்த மருத்துவர், பஞ்சாபிக் கவிஞர் திவான் சிங்கின் காயங்களை வரைய வேண்டியதில்லை. சாத்திய சிறைக்கதவு ஒன்று போதும். சிரித்த முகத்தோடு மட்டும் அவரை முடித்துவிடக் கூடாது. ரிச்சர்ட்சன் புத்தகம் முதலில் வரட்டும்: தூண்கள்மேல் நிற்கும் தேன்கூடு போன்ற நிக்கோபாரி வீடு, ஏணியில் ஒரு சிறுவன், படத்தின் கீழே முதல் வரி நிக்கோபாரியில், அடுத்தது தமிழில்.