பயிற்சி ஆசிரியர்கள் மாற்று ஆட்கள் அல்லர்

ஏழாம் வகுப்பில் பின்னம் நடத்தப் பயிற்சி ஆசிரியர் ஒருவர் நிற்கிறார். சில குழந்தைகள் உடனே விடை சொல்கின்றனர். சிலர் 1/2, 1/3 ஆகியவற்றைக் கூட்டி 2/5 என எழுதுகின்றனர். சிலருக்கு வகுத்தலே கைவரவில்லை. அவர் திகைப்பதைத் தனிமனிதக் குறைபாடாகச் சித்தரிப்பது தவறு.

2/5 என்பது 1/2ஐ விடச் சிறியது. கூட்டினால் எப்படிக் குறையும்? காகிதத்தை மடித்துக் காட்டி இக்கேள்வியை எழுப்பினால், தவறே அனைவருக்கும் பாடமாகிறது. இந்த நுட்பம், அனுபவமிக்க ஆசிரியர் உடனிருந்து வழிகாட்டும்போதே கைகூடும். தன்னம்பிக்கையும் அவ்வாறே வளரும்.

இரண்டாண்டு பி.எட். படிப்பில் 20 வாரப் பள்ளிப் பயிற்சியைத் தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் வலியுறுத்துகின்றன. ஆனால், பணியிடங்கள் காலியாகக் கிடக்கும் பள்ளிகளில் பயிற்சி ஆசிரியரே ஊதியமற்ற மாற்று ஆளாக்கப்படுகிறார். வழிகாட்ட வேண்டியவரின் நாற்காலியே காலி! ஆசிரியர் கல்வியைத் தனியார் வணிகத்திற்குத் திறந்துவிட்ட கொள்கை இந்நிலையை மேலும் மோசமாக்கியுள்ளது.

இதன் சுமை இறுதியில் ஏழைக் குழந்தைகள் மீதே விழுகிறது. தனிப்பயிற்சிக்குப் பணமில்லாத அவர்களுக்கு வகுப்பறையே ஒரே வாய்ப்பு.

நிரந்தர ஆசிரியர் நியமனம், உயர் தொடக்க வகுப்புகளில் 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற கல்வி உரிமைச் சட்ட வரம்பு, பயிற்சிக் காலத்திற்கு உதவித்தொகை: இவற்றுக்காக மாணவர், ஆசிரியர் இயக்கங்கள் இணைந்து போராட வேண்டும்.