விலையேத்த மட்டும்தான் ஒத்துமையா?

சப்ளை செயின்னு பேச்சு எடுத்தாலே நம்ம ஆளுங்க மாருதி, ஹூண்டாய்னு கிளம்பிடறாங்க. கொஞ்சம் விளாத்திகுளம் பக்கம் வாங்கய்யா, தீப்பெட்டி ஆபீஸைக் காட்டறேன். (வெளியூர் மக்களுக்கு: எங்க பக்கம் தீப்பெட்டி ஆலையை 'ஆபீஸ்'னுதான் சொல்லுவோம். உள்ள ஏசி எல்லாம் தேடாதீங்க :-))

தீப்பெட்டி சின்னது, ஆனா அதுக்கு 14 வகை மூலப்பொருள் வேணும். குச்சி பெரும்பாலும் கேரளாவுல இருந்து வரணும். அப்புறம் அட்டை, மெழுகு, மருந்துக்குப் பொட்டாசியம் குளோரேட், பெட்டி பக்கவாட்டுல தடவ சிவப்பு பாஸ்பரஸ். இதுல ஒண்ணு வரலைன்னாலும் வேலை நின்னுடும். முதலாளிக்கு அன்னிக்கு நஷ்டம்தான், இல்லேங்கல. ஆனா பெட்டியில குச்சி அடைக்கிற அக்காவுக்கு எண்ணிக்கைக் கணக்குக் கூலி. குச்சி இல்லேன்னா காசும் இல்ல. லோடு ஏன் வரலைன்னு அவங்ககிட்ட சொல்றவங்களும் கிடையாது. 'பார்ட்னர்'னு படம் போட்டு விளக்கறீங்களே, அதுல இவங்களுக்கு எந்தக் கட்டம்?

2021 அக்டோபர்ல என்ன நடந்துச்சு? சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலேர்ந்து 810-க்குப் போயிருந்துச்சு, மெழுகு 58-லேர்ந்து 80. அஞ்சு சங்கத்துக்காரங்க சிவகாசியில கூடினாங்க. 14 வருஷமா ஒரு ரூபாயா இருந்த தீப்பெட்டி டிசம்பர் 1-லேர்ந்து ரெண்டு ரூபாய்னு முடிவாச்சு. ஏத்தினது தப்புன்னு நான் சொல்ல வரல, 600 பெட்டி பண்டலை 270, 300-க்கு வித்துக்கிட்டு எத்தனை நாள் ஓட்ட முடியும்?

என் கேள்வி வேற. விக்கற விலையை ஒண்ணா உக்காந்து பேச முடிஞ்சவங்களுக்கு, மெழுகும் அட்டையும் சேர்ந்து வாங்க ஏன் கை வரல? சின்ன ஆபீஸ்காரர் ஒவ்வொருத்தரும் தனித்தனியா ஏஜென்ட்கிட்ட கடனுக்கு வாங்கினா, ஏஜென்ட் சொல்றதுதானே விலை?

"நம்ம ஆர்டர் எவ்வளவுன்னு பக்கத்து ஆபீஸ்காரனுக்குத் தெரிஞ்சுடும்"பாங்க. அடப் போங்கய்யா. 1997 பிப்ரவரி 1-ஆம் தேதி ஜப்பான்ல ஐசின் தொழிற்சாலை எரிஞ்சு போச்சு. டொயோட்டாவுக்கு பிரேக் வால்வு அங்கேர்ந்துதான். காரே ஓடாம லைன் நின்னுடுச்சு. ஐசின்காரன் ரகசியம்னு பொத்தி வைக்கல, தன்னோட வரைபடத்தையே எடுத்து மத்தவங்ககிட்ட குடுத்தான். தையல் மெஷின் பண்ற பிரதர் கம்பெனி கூட வால்வு பண்ணிக் குடுத்துச்சு. ஒரு வாரத்துக்குள்ள கார் வெளிய வர ஆரம்பிச்சாச்சு. தீப்பெட்டியில அதைவிடப் பெரிய ரகசியம் என்னத்த இருக்கு?

நம்மாளுங்களுக்கு ஒண்ணு சேரத் தெரியாதுன்னும் சொல்ல முடியாது. லைட்டரை எதிர்த்து எல்லாரும் ஒரே குரல்ல டெல்லிக்கு மனு குடுத்தாங்க, 2023 ஜூன்ல 20 ரூபாய்க்குக் கீழ உள்ள லைட்டர் இறக்குமதிக்குத் தடையும் வந்துச்சு.

சேர்ந்து வாங்கறது அப்புறம் இருக்கட்டும். குச்சி லோடு நாளைக்கு வராதுன்னு ராத்திரியே அந்த அக்காவுக்கு ஒரு போன் போடுங்க. அவங்க நூறு நாள் வேலைக்கோ மிளகாப்பழம் பறிக்கவோ போய்க்குவாங்க.