குழந்தையின் வலியும் பெற்றோரின் அச்சமும்

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க, இரைச்சல் மிகுந்த குழாய்க்குள் நெடுநேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தையால் இது முடியுமா? மயக்க மருந்து கொடுக்கலாம் என்கிறார் மருத்துவர். "மூளையைப் பாதிக்கும், வேண்டாம்" என்கிறார் தந்தை. "பிள்ளை பயந்து அலறுவதைப் பார்க்க முடியாது, தூங்க வைத்துவிடுங்கள்" என்கிறார் தாய். இருவரும் பேசுவது அன்பினால்தான். இதில் யார் பக்கம் நியாயம்?

பச்சிளங்குழந்தைகள் வலியை உணர்வதில்லை என்று ஒரு காலத்தில் மருத்துவர்கள் பலரே நம்பினர். 1985ல் அமெரிக்காவில் ஒரு குறைமாதக் குழந்தைக்கு, உடலை அசையவிடாமல் செய்யும் மருந்தை மட்டும் கொடுத்து இதய அறுவை சிகிச்சை செய்தனர். குழந்தை இறந்த பிறகே தாய்க்கு இது தெரியவந்தது. அவர் மௌனமாக இருக்கவில்லை. உண்மையை உலகறியச் சொன்னார். 1987ல், இந்தியாவில் பிறந்த மருத்துவர் ஆனந்தும் உடன் ஆய்வாளர்களும், போதிய வலிமருந்து பெற்ற குறைமாதக் குழந்தைகள் அறுவை சிகிச்சையை நன்கு தாங்குவதை வெளியிட்டனர். அதன்பின் நடைமுறை மாறியது.

தந்தையின் அச்சமும் வெறும் கற்பனையன்று. மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கு இம்மருந்துகளை மூன்று மணி நேரத்துக்கு மேலோ, பலமுறையோ கொடுத்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம் என 2016 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ஆனால் ஏழு நாடுகளில் 722 கைக்குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2019ல் வெளியானது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஒரே ஒரு மயக்கம், ஐந்து வயதில் அறிவுத்திறனைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்றது அது.

ஆகவே 'வேண்டும்', 'வேண்டாம்' என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுத இயலாது. இரத்தம் எடுக்கும்போது மரத்துப்போகச் செய்யும் களிம்பும் தாயின் மடியுமே பெரும்பாலும் போதும். நீண்ட ஸ்கேனுக்கு மயக்கம் தேவைப்படலாம். மருந்து கொடுப்பவர் யார்? மூச்சைக் கண்காணிப்பவர் யார்? எவ்வளவு நேரம் பட்டினி? இவற்றைத் தயங்காமல் கேட்போம். பிள்ளை அழுகிறதே என்று மறைவாகப் பால் கொடுக்க வேண்டாம். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் சென்றால் உயிருக்கே ஆபத்து.

"வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்லிப் பிள்ளையை அழைத்துச் செல்லவும் வேண்டாம். "கொஞ்சம் வலிக்கும், அம்மா பக்கத்திலேயே இருப்பேன்" என்போம். எந்த மருந்தோடும் சேர்த்துத் தர வேண்டிய மருந்து இது.