படம் அயலது, உரையுமா அயலது?

அயல்நாட்டார் எடுத்த இயற்கை ஆவணப்படங்கள் இன்று தொலைக்காட்சி வழியே தமிழர் இல்லந்தோறும் நுழைகின்றன. தென்முனைப் பனியும் ஆப்பிரிக்கப் புல்வெளியும் ஆழ்கடல் இருளும் நம் கூடத்தில் வந்து விரிகின்றன. இதனை நாம் வெறுக்கவில்லை, வரவேற்கின்றோம். அறிவு எத்திசையினின்று வரினும் கொள்ளத் தக்கதே. ஆயின், அப்படத்தோடு நம் செவியில் வந்து விழும் உரை எம்மொழி உரை? அதனைத் தமிழ் என்று சொல்ல நாக் கூசுகின்றதே!

இத்தகு படங்கள் நாடு கடந்து விற்கப்படும் முறையை முதற்கண் அறிதல் வேண்டும். இசையும், காற்று, அலை, விலங்கு ஆகியவற்றின் ஒலியும் ஒரு தடத்தில் இருக்கும். படத்தை விளக்கும் உரை தனித்தடத்தில் இருக்கும். வாங்கும் நாட்டார் அவ்வுரையை அகற்றிவிட்டுத் தம் உரையைப் பொருத்திக் கொள்ளலாம். அஃதாவது, உரைத்தடம் வெற்றிடமாகவே நம் கையில் தரப்படுகின்றது. அதனை நல்ல தமிழால் நிரப்பாதே என்று எந்த வெள்ளைக்காரனும் நமக்குக் கட்டளையிடவில்லை. கேடு வெளியிலிருந்து வரவில்லை என்பதனைத் தமிழர் உணர்தல் வேண்டும்.

பிறர் என் செய்தனர் என்று பாருங்கள். பிரித்தானிய ஒலிபரப்புக் கழகம் 2006-இல் ஒளிபரப்பிய 'நிலவுலகக் கோள்' என்னும் தொடருக்கு உரை வழங்கியவர் தேவிட்டு அட்டன்பரோ. அவர் பேசியது ஆங்கிலம். அமெரிக்கர் பேசுவதும் ஆங்கிலமே. ஆயினும் 2007-இல் அமெரிக்க டிசுகவரி அலைவரிசை அத்தொடரைச் சிகோர்னி வீவர் என்னும் தம் நாட்டு நடிகையின் குரலிலேயே வழங்கிற்று. 'உயிர்' என்னும் அடுத்த தொடருக்கு 2010-இல் அங்கு உரை தந்தவர் ஓப்பிரா வின்பிரே. ஒரே மொழி பேசுவோரே தம் மக்களுக்குத் தம் நாட்டுக் குரல்தான் வேண்டும் என்று பணம் செலவிட்டு மாற்றுகின்றனர்.

பிரெஞ்சுக்காரர் உலூக்கு சாக்கே எடுத்த பென்குவின் படம் 2005-இல் வெளிவந்தது. அதில் தந்தைப் பறவையும் தாய்ப் பறவையும் பார்ப்பும் தாமே பேசுவனபோல் நடிகர் குரல் கொடுத்திருந்தனர். அதனை வாங்கிய அமெரிக்கர் அக்குரல்களை நீக்கினர். இசையையும் புதிதாக அமைத்தனர். மோர்கன் பிரீமன் என்னும் நடிகர் புறத்தே நின்று கதை கூறுவதாக உரையை மாற்றி எழுதினர். அப்படம் 2006-இல் ஆசுக்கர் பரிசும் பெற்றது. பனி அதே பனி. பறவை அதே பறவை. உரை மட்டும் அந்நாட்டு மக்களின் செவிக்கென்றே வனையப்பட்டது.

ஆனால், மாற்றும் உரிமைக்கு ஓர் எல்லை உண்டு. குரலை மாற்றலாம், அளவைகளை மாற்றலாம், சொன்முறையை மாற்றலாம். உண்மையை மாற்றலாமா? அட்டன்பரோவின் 'பாலூட்டிகளின் வாழ்வு' என்னும் தொடரை நெதர்லாந்தில் ஒளிபரப்பிய கிறித்தவ நிறுவனம் ஒன்று, உயிரினங்களின் படிமலர்ச்சியைக் கூறும் பகுதிகளை நீக்கிவிட்டது. 2007-இல் அறிவியலார் இதனைக் கண்டித்தனர். 2011-இல் 'உறைபனிக் கோள்' என்னும் தொடர் அயல்நாடுகளுக்கு விற்கப்பட்டபோது, புவி வெப்பமுற்றுப் பனி உருகுவதனை விளக்கும் ஏழாம் பகுதி, விரும்பினால் வாங்கலாம் எனத் தனியே வைக்கப்பட்டது. வாங்கிய நிலையங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதனைக் கொள்ளவில்லை. அமெரிக்க நிலையமும் முதலில் தயங்கி, எதிர்ப்புக்குப் பின்னரே அதனை ஒளிபரப்ப இசைந்தது. பனிக்கரடியின் அழகு வேண்டுமாம். அது நிற்கும் பனி உருகுகின்றது என்னும் செய்தி மட்டும் வேண்டாவாம்! இஃது உரைமாற்றம் அன்று. மக்களின் கண்ணைக் கட்டும் வேலை.

இனி நம் நிலைக்கு வருவோம். நம் தொலைக்காட்சிகளில் யானைக்கன்று 'பேபி எலிபண்ட்' ஆகின்றது. ஓங்கில் 'டால்பின்' ஆகின்றது. இரை 'புட்' ஆகின்றது. 'வெயிட் பண்ணி அட்டாக் பண்ணுது' என்பது தமிழ் உரையாம்! இதில் தமிழ் எது? வினையின் ஈறு ஒன்றுதான். எஞ்சிய இடத்தைத் திரைப்பட நகைச்சுவை நிரப்புகின்றது.

இது வெறுஞ் சொல்லளவில் நிற்கும் கேடு அன்று, அறிவுக் கேடுமாகும். சிறுத்தை வேறு, சிவிங்கி வேறு. சிவிங்கிக்குக் கண்ணின் உட்கோடியிலிருந்து வாய்வரை கருங்கோடு இறங்கும். சிறுத்தைக்கு அஃது இல்லை. இந்தியாவில் சிவிங்கி அற்றுப்போயிற்றென 1952-இல் அறிவிக்கப்பட்டது. விலங்கு மறைந்தபின் பெயரும் நம் நாவினின்று மறையலாயிற்று. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகள் மத்தியப் பிரதேசத்தின் குனோக் காட்டுக்குக் கொணரப்பட்டபோது, அவற்றைச் 'சிறுத்தை' என்று எழுதினோரும் பேசினோரும் பலர். ஒட்டகச்சிவிங்கி என்று நாள்தோறும் கூறும் தமிழன், அச்சொல்லுள் நிற்கும் சிவிங்கி யாதென அறியான்! சொல்லைத் தொலைத்தவன் பொருளையும் தொலைப்பான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

"தூய தமிழ் மக்களுக்கு விளங்காது" என்பர் சிலர். எந்த மக்களுக்கு? பாக்கு நீரிணையில் வலைவீசும் மீனவர் கடற்பசுவை ஆவுளியா என்கின்றனர். தலையின் இருபுறமும் நீண்ட சுறாவைக் கொம்பன் சுறா என்கின்றனர். மலையோரத்து உழவர் செந்நாயையும் கழுதைப்புலியையும் அழுங்கையும் தேவாங்கையும் பெயர் சொல்லி அறிவர். கடற்பசுக்களைக் காப்பதற்கென்றே 2022-இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பினைத் தமிழ்நாட்டு அரசு ஒதுக்கிற்று. காக்க வேண்டிய உயிரியின் பெயரை அக்கடலோரத்தார் அறிவர். நகரத்து ஒலிப்பதிவுக் கூடத்தார் அறியார். விளங்காமை மக்களிடத்து இல்லை. உரை எழுதுவோரிடத்தேதான் உள்ளது.

தொல்காப்பிய மரபியல் உயிர்களின் இளமைக்கு மட்டும் ஒன்பது பெயர்களை வகுத்துரைக்கின்றது. கன்று, குட்டி, குருளை, பறழ், மறி, பார்ப்பு, பிள்ளை, மகவு, குழவி என எவ்வுயிர்க்கு எப்பெயர் என்னும் வரையறையும் உண்டு. ஆண்யானை களிறு, பெண்யானை பிடி. ஆண்குரங்கு கடுவன், பெண்குரங்கு மந்தி. இத்துணைச் செல்வம் உடையவன் 'மேல்', 'பீமேல்', 'பேபி' என்று மூன்று இரவற் சொல்லால் காட்டையும் கடலையும் அளக்கின்றானே! பென்குவின் போல் நம் நிலத்தில் இல்லாத உயிர்களின் பெயரைத் தமிழ் எழுத்துக்கேற்ப ஏற்பதில் இழுக்கில்லை. இருக்கும் பெயரை எறிந்துவிட்டு இரப்பதே இழுக்கு.

ஆதலின் நாம் கேட்பன மூன்று. உரை எழுதுவோருடன் தமிழறிஞர் ஒருவரும் விலங்கியலார் ஒருவரும் அமர்தல் வேண்டும். மீனவர், மலைவாழ் மக்கள், உழவர் நாவில் வாழும் உயிரிப் பெயர்களைத் தொகுத்து நிலையங்களுக்கு வழங்கத் தமிழ்நாட்டு அரசு முன்வருதல் வேண்டும். எவர்க்கு அஞ்சியும், எந்த விளம்பரத்துக்கு இடம்விடவும், படத்தின் உண்மைப் பகுதி ஒன்றேனும் வெட்டப்படுதல் கூடாது.

தமிழ் மக்களே! ஒவ்வொரு நிலையத்திற்கும் ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். "படத்தை நீங்கள் வாங்கினீர்கள், மொழியை நாங்கள் விற்கவில்லை" என்று எழுதுங்கள். ஒரு கிழமையில் திருந்தாவிடின் மறு கிழமையும் எழுதுங்கள். நம் பிள்ளைகள் களிற்றைக் களிறென்றும் கன்றைக் கன்றென்றும் சொல்லும் நாள் வரும்வரை எழுதுகோலைக் கீழே வையாதீர்!